கதவைக் கழற்றும் ஊர்

செங்கோடன் கோரைத்திட்டில் வந்து இறங்கியபோது முதுகில் பெரிய பை ஒன்று தொங்கியது. அறுபதை நெருங்கிய மனிதர் காலேஜ் பையன் மாதிரி பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறாரே என்று படகில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரித்ததோடு சரி, வேறொன்றும் கேட்கவில்லை. அதிலேயே அவருக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று.

கொள்ளிடத்துக்கு நடுவே கிடக்கிற தீவு அது. அங்கே எதற்கும் அவசரம் கிடையாது. ஆள் சேர்ந்தால் படகு போகும். பால் வந்தால் டீக்கடை திறக்கும். மத்தியானமானால் புங்கமர நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு ஊரே சாய்ந்துவிடும். எந்த ஊர், என்ன சம்பாத்தியம் என்று யாரும் யாரையும் குடையமாட்டார்கள். ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், மாதம் ஒன்றாகியும் கிளம்பவில்லை.

அந்தத் திட்டில் தையல்நாயகி என்றொரு பெண் இருந்தாள். வயது நாற்பதுகூட இருக்காது. மனசு சரியில்லாதவர்கள் அக்கரையிலிருந்து அவளைத் தேடி வருவார்கள். கத்தரிக்குக் களை எடுத்துக்கொண்டே அவர்களோடு பேசுவாள். என்னத்தைச் சொல்வாளோ, திரும்பும்போது முகம் தெளிந்து போவார்கள். ஊர் அவளைக் குருவம்மா என்றது. செங்கோடனும் அப்படியே கூப்பிட்டார். தன்னைவிடச் சின்னவள் காலடியில் சீடனாக உட்கார அவருக்குக் கூச்சமில்லை. அவள்தான் அவரைப் "பெரியவரே" என்பாள்.

ஒரு சாயங்காலம், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறபோது அவராகவே வாயைத் திறந்தார்.

"குருவம்மா, எனக்கு நாமக்கல்லுங்க. லாரிக்கு பாடி கட்டுற பட்டறை வெச்சிருந்தேன். ஒரே பையன். ரெண்டு வருசம் முன்னால பைக்ல போனவனை லாரி அடிச்சுப்போட்டுது."

"ம்."

"வீட்டுல அவங்கம்மா பொழுதன்னிக்கும் அவன் பேச்சையே பேசுவா. காதுல கேக்க முடியாமத்தான் பையைத் தூக்கிட்டேன். போற ஊர்லயும் விடறாங்களா? எத்தனை குழந்தைங்கன்னு யாராச்சும் கேட்டுப்போடறாங்க. கேட்ட அன்னிக்கே கிளம்பிருவேன். இந்த நெனப்பு உள்ள வராம அடைக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா."

தையல்நாயகி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த வாளியை இப்படித் தள்ளுங்க பெரியவரே" என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

ஆடி கழியுமுன் மேலே அணை திறந்துவிட்டார்கள். அக்கரையிலிருந்து மைக்கில் கத்தினார்கள்: "தண்ணி வருது, எல்லாரும் கரை ஏறுங்க!" மத்தியானத் தூக்கத்தில் கிடந்த ஊரா இது என்று செங்கோடன் மலைத்துப்போனார். அப்படி ஒரு சுறுசுறுப்பு. ஆனால் அவர்கள் முதலில் செய்த காரியம்தான் அவருக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வீடு முன்கதவையும் பின்கதவையும் கழற்றினார்கள். படகில் கதவைப் படுக்கப்போட்டு அதன்மேல் ஆட்டை ஏற்றினார்கள்.

"கதவைக் கழட்டிட்டா ஆறு நேரா வீட்டுக்குள்ள பூந்துராதுங்களா?" என்று தையல்நாயகியின் பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் கேட்டார்.

"பூரத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கதவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஊரில் உடம்புக்கு முடியாதவர்களைக் கூட்டிக்கொண்டு தையல்நாயகி முதல் படகில் ஏறினாள். "என் வீட்டுக் கதவு ரெண்டையும் கழட்டி ஏத்திடுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"சரிங்கம்மா" என்றார் செங்கோடன். ஆனால் கை வரவேண்டுமே! நெல் மூட்டையில் ஒரு துளி மழை படாதபடி லாரி கட்டிக்கொடுத்த கை அது. குருவின் வீட்டை ஆற்றுக்குத் திறந்துபோட்டுவிட்டு வருவதா? இரண்டு கதவையும் சாத்தி, குறுக்குக் கட்டை அடித்து, இடுக்கு பார்த்துச் சாக்கும் களிமண்ணும் திணித்தார். கடைசிப் படகில் ஏறும்போது அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

கரையில் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக் கதவைத் தரையில் போட்டு அதன்மேல் படுத்தது.

"என் கதவு எங்க பெரியவரே?"

"கழட்டலீங்க. அடைச்சுட்டேன். ஒரு சொட்டு உள்ள போகாதுங்கம்மா."

"அடடா" என்றாள் தையல்நாயகி. அஞ்சலையின் கதவில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். வீட்டுக்கு வீடு முழங்கால் சேறு. ஆனால் ஒரு வீடும் விழவில்லை. தையல்நாயகியின் வீடு மட்டும்தான் விழுந்திருந்தது. உள்ளே போக வழியில்லாத வெள்ளம் பக்கச்சுவரைச் சாய்த்துவிட்டிருந்தது. ஓடெல்லாம் சேற்றில் கிடந்தன. கதவு மட்டும், அவர் அடைத்தது அடைத்தபடி, சட்டத்தில் ஜம்மென்று நின்றது.

செங்கோடன் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். "காப்பாத்தறேன்னு கெடுத்துப்போட்டனே! நான் என்ன மனுசன்!"

"எந்திரிங்க. செங்கல் எங்கயும் போயிடலை, இங்கதான் கெடக்கு. கட்டிக்கலாம்" என்றாள் தையல்நாயகி.

"தண்ணி உள்ள வந்தா வீடே போயிரும்னு நெனச்சேனுங்க."

"அது வருசா வருசம் வருதே."

"உங்களுக்கெல்லாம் பயமே இல்லீங்களா?"

"பயம் இல்லாமயா கதவைக் கழட்டுறோம்?" என்று சொல்லி அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்தாள்.

இருவரும் சேற்றை வாரினார்கள். அவர் வெட்டிப் போட, அவள் கூடையில் சுமந்துபோய்த் தோட்டத்தில் கொட்டினாள். வெயில் ஏறிவிட்டது. அவருக்கு மனசு ஆறவில்லை.

"குருவம்மா, நான் அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலீங்க."

அவள் வெறுங்கூடையை அவர் முன்னால் வைத்தாள்.

"பையன் பேர் என்ன?"

செங்கோடன் துறையைத் திரும்பிப் பார்த்தார். படகு நின்றுகொண்டுதான் இருந்தது. அவர் போனால் தடுக்க ஆள் இல்லை. மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றினார்.

"லோகேசு" என்றார். இரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணீர் மளமளவென்று சேற்றில் விழுந்தது.

தையல்நாயகி கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லோகேசு ரொம்ப சேட்டை பண்ணுவானா பெரியவரே?"