அரம் ஆண்ட பட்டறை

அமெரிக்காவில் கார் என்ற பேச்சே புதிதாக இருந்த காலம். இண்டியானாவின் ஒரு சிற்றூரில் ஹைரம் பெல்நாப் என்பவர் குதிரை வண்டி கட்டுவதை விட்டுக் கார் கட்டத் தொடங்கினார். பட்டறையில் மட்டும் அதே பழைய கருவிகள்தான். அங்கே அரம் வைத்ததே சட்டம்.

"ஒரு வண்டி மாதிரி இன்னொரு வண்டி இருந்தால் அது கைவேலையா? செங்கல்!" என்று அரம் மார்தட்டும்.

ஹைரமுக்கும் அதே எண்ணம். எந்தச் சாமான் பொருந்தாவிட்டாலும் அரத்தை எடுத்து ராவிப் பொருத்திவிடுவார்.

சுவரில் தொங்கிய அளவுகோலுக்குப் பொறுக்கவில்லை. "பல்சக்கரங்களை எல்லாம் ஒரே அளவில் செய்யலாமே. நாளைக்கு ஒன்று உடைந்தால்?"

"உடைந்தால் நான் எதற்கு இருக்கிறேன்? பேசாமல் தொங்கு!" என்று சீறியது அரம்.

முதல் காரை டாக்டர் கிம்பல் வாங்கினார். கொஞ்ச நாளில் பல்சக்கரம் உடைந்து, குதிரை இழுத்து வர, கார் பட்டறைக்குத் திரும்பியது. தெருவே சிரித்தது. பாவம், அந்தக் கார் கூனிக் குறுகிப் போயிற்று.

"சாயங்காலம் வருவேன், ஹைரம். ஓடாவிட்டால் வேறு கம்பெனி வண்டி வாங்கிவிடுவேன். என்னைப் பார்த்துத்தான் ஊரே வாங்கக் காத்திருக்கிறது."

"கவலையை விடுங்கள் டாக்டர். புதுசு ஒன்று தயாராக நிற்கிறது. அதன் பல்சக்கரத்தைக் கழற்றி இதில் போட்டுவிடுகிறேன்."

"எடுத்துக்கோ அண்ணே, நீ முதலில் ஓடு," என்றது புதுக் கார்.

அதன் சக்கரத்தில் பற்கள் தடியாக இருந்தன; பழைய காரில் பொருந்தவில்லை. அரத்துக்கு ஒரே குஷி. ராவு ராவு என்று ராவித் தள்ளியது. சக்கரத்தை மாட்டி இஞ்சினை முடுக்கினால், மெலிந்த பற்கள் பிடிக்காமல் வழுக்கின. பதறிப்போன ஹைரம் அதைப் புதுக் காரிலேயே திரும்ப மாட்டினார். அங்கேயும் வழுக்கியது.

"அடப்பாவி! ராவி எடுத்ததைத் திருப்பிக் கொடு!" என்று அலறியது புதுக் கார்.

அரத்துக்கு ராவத்தான் தெரியும், ஒட்ட வைக்கத் தெரியாது.

சாயங்காலம் டாக்டர் வந்தார், பார்த்தார். காரை அங்கேயே விட்டுவிட்டுக் குதிரையில் ஏறிப் போனார். ஊரும் அவர் பின்னால் வேறு கம்பெனிக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் ஹைரம் பட்டறையைப் பூட்டினார்.

உள்ளே இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

"நாம் அண்ணன் தம்பிதானே?" என்றது புதுக் கார்.

"ஒரே பட்டறையில் பிறந்தோம்," என்றது பழைய கார். "அவ்வளவுதான்."