ஞாயிற்றுக்கிழமைச் சிப்பாய்கள் விதைநெல் காத்த கதை

கோணப்பட்டி ஆட்கள் வாரத்தில் ஆறு நாள் எண்ணெய் விற்பார்கள், துணி தைப்பார்கள், சைக்கிளுக்குக் காற்றடிப்பார்கள். ஞாயிறு மட்டும் சிப்பாய்கள். பக்கத்து மலையில் கொள்ளைக்கூட்டம் வந்து தங்கியதிலிருந்து இந்த ஏற்பாடு. ஊரின் விதைநெல் மொத்தமும் ஒரே களஞ்சியத்தில் கிடந்தது. அது போனால் அந்த வருஷம் விதைப்பு இல்லை, சோறும் இல்லை. அந்த விதைநெல்லைக் காக்கப் பயிற்சிக்கு வருகிறவனுக்குக் கூலியும் அதே விதைநெல்தான். இதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி நான் என்ன சொல்ல!

பழக்குவதற்கு ஓய்வுபெற்ற ஹவில்தார் தனக்கோடி வந்தார். நல்ல மனுஷன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் வேண்டும் என்று கேட்டார், பாவம்.

"கண் இமைக்காமல் காவல் காக்கணும்" என்றார். டெய்லர் சவரிமுத்து இமைகளைப் பிளாஸ்திரியால் நெற்றியோடு ஒட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மண்ணோடு மண்ணாகப் படுக்கணும்" என்றார். எண்ணெய்க்கடை பலவேசத்தைத் தோண்டி எடுக்க அரை நாள் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு ஒத்திகைச் சண்டை. "பாதிப் பேர் காவல், பாதிப் பேர் எதிரி. மூங்கில் கம்பு பட்டால் செத்த கணக்கு. நான் டீ குடிச்சிட்டு வந்து விசில் ஊதுற வரைக்கும் செத்தவன் எழுந்திருக்கக் கூடாது!"

அவர் தலை மறைவதற்குள் காவல் கட்சி பூராவும் செத்துப்போனது. எதிரிக் கட்சித் தலைவர் பலவேசம் களஞ்சிய வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வெயில் ஏறியது.

அப்போதுதான் நிஜக் கொள்ளையர்கள் வந்தார்கள்.

"யாருய்யா நீங்க?" என்றார் பலவேசம்.

"கொள்ளைக்காரங்கடா! வழி விடு!" என்று உறுமினான் அவர்கள் தலைவன் கட்டையன்.

"எதிரி வேலைக்கு ஆள் எடுத்தாச்சு. லேட்டா வந்துட்டு எகிறாதே."

"டேய், மூணு தலைமுறையாக் கொள்ளையடிக்கிற பரம்பரைடா நாங்க!"

"இருந்துட்டுப் போ. பயிற்சி எடுத்திருக்கியா?"

கீழே செத்துக் கிடந்த சவரிமுத்து கிசுகிசுத்தார்: "அண்ணே, நெசமான ஆளுங்க மாதிரி தெரியுதே. கத்தலாமா?"

பக்கத்துப் பிணம் சைக்கிள்கடை இருளப்பன். "செத்தவன் கத்துவானா? வாயை மூடு."

"நீங்க மட்டும் பேசுறீங்க?"

"இது நான் உசுரோட இருந்தப்பவே ஆரம்பிச்ச பேச்சு."

கட்டையன் பலவேசத்தைப் பிடித்துத் தள்ளினான். பலவேசம் மூங்கில் கம்பால் அவனை லேசாகத் தொட்டார். "செத்துட்டே. படு."

"படுக்க முடியாதுடா!"

அவ்வளவுதான், இருளப்பன் துள்ளி எழுந்துவிட்டார். "என்னய்யா அநியாயம்! காலையிலேர்ந்து கொதிக்கிற மண்ணுல நாங்க யோக்கியமாச் செத்துக் கிடக்கோம். துரைக்கு மட்டும் சாக வலிக்குதோ?"

அத்தனை பிணமும் எழுந்தது. எதிரிக் கட்சியும் சேர்ந்துகொண்டது. விழுந்த அடியில் கொள்ளையர்கள் வரிசையாகப் படுத்தார்கள். பிணங்கள் தத்தம் இடத்துக்குப் போய் மறுபடி ஒழுங்காகச் செத்துக்கொண்டன.

திரும்பி வந்த ஹவில்தாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. விசிலை ஊதித் தள்ளினார். "விதைநெல் பிழைச்சுது! இவங்களைப் பார்த்துக்கங்க, போலீஸைக் கூட்டிட்டு வந்துடறேன்!" என்று ஓடினார்.

போலீஸோடு வந்து பார்த்தால் கொள்ளையன் ஒருத்தனும் இல்லை. களஞ்சியம் துடைத்து வைத்தாற்போல இருந்தது.

"எங்கேய்யா அவங்க?"

"விசில் ஊதிட்டீங்களே சார். பயிற்சி முடிஞ்சுது, கூலி குடுத்து அனுப்பிட்டோம்."

"ஐயையோ! நெல்லு?"

பலவேசம் நெஞ்சை நிமிர்த்தினார். "கூலியா மொத்த நெல்லும் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க சார். நாங்க லேசுப்பட்டவங்களா? துண்டு போட்டு விரலைப் பிடிச்சுப் பேரம் பேசி வழிக்குக் கொண்டு வந்துட்டோம். நெல்லு அவங்களுக்கு, சுமைகூலி அவங்க பொறுப்பு. நமக்குச் சல்லிக்காசு செலவில்லை!"