நூறாவது விரல்

ராத்திரி தனியாகப் படுப்பவர்கள் இந்தப் புதிரைப் பகலிலேயே யோசித்து முடித்துவிடுங்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

பெரிய இணையக் கடை ஒன்று, தன்னிடம் பொருள் விற்பவர்களுக்குப் புதிய வசதி ஒன்றைத் திறந்தது. விற்பவரே பரிசு வைக்கலாம், விதியும் எழுதலாம். பரிசு யாருக்கு விழுந்தது என்பதை அந்த வசதி சொல்லிவிடும். கோவையில் தையல் மெஷின் விற்கும் பொன்முடி இரண்டே வரி எழுதினார்: "பொத்தானை நூறாவதாக அழுத்துபவருக்கு ஒரு மெஷின். ஓர் ஆள் ஒரு முறைதான்." அதற்கு மேல் எழுத அவருக்குப் பொறுமை இல்லை.

நூறாவது பெயர், தூத்துக்குடி பிரிசில்லா. வாழ்த்துச் சொல்லப் பொன்முடி அழைத்தபோது அவள் எண் கிடைக்கவில்லை. முகவரியில் இருந்த இன்னொரு எண்ணில் அவள் கணவன் மிக்கேல் பேசினான்.

"அவ செத்து பதினெட்டு நாளாச்சு அண்ணாச்சி. கைய விட்டு எறக்காத போனுன்னு அதையும் பெட்டிக்குள்ள வச்சுத்தான் பொதைச்சோம்."

பொத்தான் அழுத்தப்பட்டதோ முந்தின நாள் மத்தியானம்.

மிக்கேல் மெஷினைக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கான வெள்ளை கவுனை வாடகை மெஷினில் பாதி தைத்திருந்தபோதுதான் பிரிசில்லா போய்விட்டாள். மெஷினை அதன் சொந்தக்காரர் எடுத்துப் போய்விட்டார். கடையில் வாங்கும் கவுனை மகள் தொடவே மாட்டேன் என்கிறாளாம்.

பிரிசில்லாவின் தங்கை ஜெனோவா போனை வாங்கினாள். "நாந்தான் அமுக்குனேன், அக்கா பேர்ல, என் போன்லருந்து. மெஷின எனக்கே அனுப்புங்க. கவுன நான் தைச்சு முடிக்கேன்." ஆனால் பட்டியலில் நாற்பத்தோராவது பெயரும் ஜெனோவாதான்.

பொன்முடி நேர்மையான மனிதர். நூற்றொன்றாவதாக அழுத்திய ஆம்பூர் மெகருன்னிசாவிடமும் விஷயத்தைச் சொன்னார். "மௌத்தானவங்க எப்படிங்க அழுத்துவாங்க? அப்போ நூறாவது நான்தானே?" என்றாள் அவள்.

இணையக் கடையில் விசாரித்தார். அழுத்தியது பிரிசில்லாவின் போனிலிருந்துதான், வேறெந்தப் போனிலும் அவள் கணக்கு திறக்கப்படவில்லை என்று பதில் வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார்.

இப்போது சொல்லுங்கள்: மெஷின் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ஜெனோவா சொன்னது பொய், பிள்ளைக்காகச் சொன்ன பொய். மெய்யென்றே வைத்துக்கொண்டாலும் ஓர் ஆள் இரண்டு முறை அழுத்தக் கூடாது. மெகருன்னிசா கேட்டது நியாயம்தான்; ஆனால் அழுத்துபவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஆகவே பரிசு பிரிசில்லாவுடையது, அவளுக்குப் பின் அவள் மகளுடையது. வெள்ளிக்கிழமை மெஷின் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது. அடுத்த பரிசுக்குப் பொன்முடி மூன்றாவது வரி ஒன்று சேர்த்தார்: "உயிரோடு இருப்பவர்கள் மட்டும்." அன்றைக்கே அதை அழித்தும்விட்டார். "இன்னும் எத்தனை பேர் வேலையப் பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்களோ, நாம எதுக்குங்க தடுக்கோணும்?" என்றார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.