வெனிலாப் பூவைத் தொட்டது யார்?

கானல் மலைக் காட்டில் அணில்கள் எல்லாம் வெனிலா பயிரிட்டன. ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதே வெனிலாதான். அந்தப் பூ விடியும்போது விரியும், உச்சி வெயிலில் வாடிவிடும். அதற்குள் ஒவ்வொரு பூவிலும் முள்ளால் மகரந்தத்தை எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் காய் கிடையாது. இந்த வேலையைச் செய்வது பெண் அணில்கள். வெனிலா சங்கத்தில் உறுப்பினர்களோ ஆண் அணில்கள்.

ஒருநாள் சங்கச் செயலாளர் மரநாய் தொண்டையைக் கனைத்தது. "ம்ஹூம்... இனிமேல் பயிற்சி பெற்ற உறுப்பினர் மட்டுமே பூவைத் தொடலாம். மற்றவர் தொட்ட காயைச் சங்கம் வாங்காது."

தவமணி என்ற பெண் அணில் முன்னால் வந்தது. "அப்ப நானும் பயிற்சிக்கு வரேங்க ஐயா."

"குடும்பத் தலைவரை அனுப்பும்மா."

"அவருக்குப் பூ எது, மொட்டு எதுன்னே தெரியாதுங்க."

"அதுக்குத்தானே பயிற்சி?"

தவமணியின் புருஷன் வேலாயுதம் வாலை நீவிக்கொண்டது. "இவளே, பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத."

பயிற்சி நாளன்றே மலை முழுக்கப் பூ விரிந்துவிட்டது. தவமணி பயிற்சி நடக்கும் ஆலமரத்தடிக்கு ஓடியது. "என்னங்க, பூ விரிஞ்சிடுச்சு. வாங்க."

"இரு, வரவேற்புரை நடக்குது."

மறுபடி ஓடியது.

"இரு, பொன்னாடை போத்துறாங்க."

மூன்றாவது முறையும் ஓடியது. "வெயில் ஏறிடுச்சுங்க!"

"இப்பத்தான் வடை வந்திருக்கு. பாதியில எழுந்தா மரியாதையா இருக்குமா?"

தவமணி திரும்பி வந்தபோது பூக்கள் தொங்கிப்போயிருந்தன. பலா மர நிழலில் ஒரே ஒரு கொடி மட்டும் வாடவில்லை. "போதும் சாமி, உங்க சங்கமும் சட்டமும்" என்று முள்ளை எடுத்தது.

மாதங்கள் போயின. மலை முழுக்க வெறுங்கொடி. அந்தப் பலா மரத்தில் மட்டும் கொத்துக் கொத்தாய்க் காய். மரநாய் மூச்சிரைக்க ஓடிவந்தது. "இந்தப் பூவை யார் தொட்டது?"

"நான்தான்" என்று வேலாயுதம் நெஞ்சை நிமிர்த்தியது.

"எந்த நேரத்துல?"

"சாயங்காலம், காத்தாட."

மரநாய் தலையில் அடித்துக்கொண்டது.

"நான்தாங்க தொட்டேன்" என்றது தவமணி. "என்னை உறுப்பினரா எழுதுங்க. இல்லன்னா காய் கொடியிலயே வெடிச்சுப் போகட்டும்."

வேறு வழியில்லை. மரநாய் நோட்டை விரித்தது. "பேரு?"

"தவமணி."

"கணவர் பேரு?"

"அவரைச் சேர்த்தப்போ என் பேரைக் கேட்டீங்களா?"

மரநாய் தவமணி பேரை மட்டும் எழுதியது. தவமணிக்குப் பின்னால் மற்றப் பெண் அணில்களும் வரிசையில் வந்து நின்றன.

வேலை ஒருவர் கையிலும் அதிகாரம் இன்னொருவர் கையிலும் இருந்தால், விளைச்சல் இரண்டு பேருக்கும் கிடைக்காது.