கோப்பையில் மாரிக்கனியின் பங்கு

கீழச்சாலை நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் தணிகாசலத்துக்கு ஒரே வெறி: மாநிலம் முழுக்க நடக்கும் அடைவுத் தேர்வில் தன் பள்ளிதான் ஒன்றியத்திலேயே முதலாவதாக வர வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள், கணக்கில் தடுமாறும் எட்டாம் வகுப்பு மாரிக்கனியையும் அவளைப் போன்ற சிலரையும் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீங்க வந்தா சராசரி சரிஞ்சிரும். பள்ளிக்கூடத்து மானத்தைக் காப்பாத்தணும்னா வீட்ல இருங்க."

இருந்தார்கள். முதலிடமும் கிடைத்தது.

கோப்பையோடு வந்த கல்வி அதிகாரி விழாவில் கேட்டார்: "இந்த வெற்றிக்குப் பாடுபட்டது யாரு? எந்திரிங்க பாப்போம்."

தணிகாசலம் தொண்டையைச் செருமுவதற்குள் மாரிக்கனி எழுந்துவிட்டாள்.

"நாங்கதான் சார். ஹெச்.எம். சார் சொன்னபடியே பரீட்சை அன்னிக்கு வீட்டை விட்டு அசையல. நாங்க வந்திருந்தா கோப்பை கிடைச்சிருக்காதாம்."

தணிகாசலம் கைக்குட்டையைத் தேடினார். அதிகாரி கோப்பையைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"அடுத்த தேர்வுக்கு நீ கண்டிப்பா வரணும், என்ன?"

"நான் வந்துருவேன் சார்," என்றாள் மாரிக்கனி. "கணக்கு வாத்தியாரை நீங்க எப்ப அனுப்புவீங்க? ரெண்டு வருஷமா யாருமே வரலையே."