மாட்டுக்கு அந்தப் பக்கம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், மகரகேது என்றொரு அரசர் இருந்தார். அவருக்கு முன்கோபமும் உண்டு, பெரிய மீசையும் உண்டு. முன்கோபம் பிறவியிலேயே வந்தது. மீசையின் கருப்பு கடுக்காய் மையில் வந்தது.

இந்த மை விஷயம் அரண்மனையில் நான்கு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் இளவரசன் கோதண்டன். அவன் ஒரு வெற்றிலை வியாபாரியின் மகளைக் கட்டிக்கொண்டான். அரண்மனை விருந்தில் அவளைப் பணிப்பெண்களின் பந்தியில் உட்காரவைத்தார்கள். கோதண்டன் சாப்பிடாமலே இலையை மடித்துவிட்டு மனைவியோடு ஆற்றுக்கு அக்கரை போய்விட்டான். அங்கே சந்தையில் யாரோ வம்புக்கு இழுக்க, ஆத்திரத்தில் அப்பாவின் மீசை ரகசியத்தைக் கொட்டிவிட்டான். பத்தே நாளில் கூத்தாடிகள் அதைக் கூத்தாகக் கட்டி ஊர் ஊராக ஆடினார்கள்.

அரசர் மூன்று கூத்தாடிகளைச் சிறையில் தள்ளினார். பிறகு நிறைந்த சபையில் மீசையில் கைவைத்து, "இனி அவன் முகத்தில் விழித்தால் இதை எடுத்துவிடுகிறேன்" என்று சத்தியம் செய்தார். அதன்பின் அரண்மனையில் யாரும் சிரிக்கவில்லை. இருமல் வந்தவர்கள்கூட, சிரிப்பென்று நினைத்துவிடுவார்களோ என்று தூணுக்குப் பின்னால் போய் இருமினார்கள்.

சிரிப்பில்லாத இடத்தில் விகடகவிக்கு என்ன வேலை? மூக்காண்டி ஓரமாக உட்கார்ந்திருந்தான். மாட்டுத் தரகர் வீட்டில் பிறந்து, சந்தைப் புழுதியில் வளர்ந்து, வாய்ச் சாமர்த்தியத்தால் சபைக்கு வந்தவன் அவன். அது பிரதானி தில்லைவிடங்கருக்குப் பிடிக்காது. இளவரசன் போன இடத்தில் தம் மருமகனை உட்காரவைக்க அவர் வழி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியில் மூக்காண்டியின் வாய் ஒரு முள்.

ஒருநாள் அரசர், இந்த அவமானம் எப்போதுதான் ஓயும் என்று சபையில் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மூக்காண்டியின் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது. வீட்டுச் சண்டை தீர்ந்தால் வெளிச்சிரிப்பு தானாக ஓயும் என்று சொல்லிவிட்டான்.

பிரதானி எழுந்தார். "மகாராஜா, விகடகவி அக்கரைக்காகப் பேசுகிறார். அப்படியில்லை என்றால் அவரே சமாதானம் செய்துவைக்கட்டும். தங்கள் சத்தியத்துக்குப் பங்கம் வரலாகாது. இளவரசர் முகத்தைத் தாங்கள் பார்க்கக் கூடாது. ஒரு சொல் பேசக் கூடாது. ஓலையும் தூதும் கூடாது. அரண்மனை வாசலை அவர் மிதிக்கவும் கூடாது."

அரசர் மூக்காண்டியைப் பார்த்தார். "ஏழு நாள் தவணை. எட்டாம் நாள் உன் தலை விழும். ஒன்பதாம் நாள் என் படை ஆற்றைக் கடக்கும்."

மூக்காண்டி வெளியே வந்தால் அரண்மனையில் தலைவெட்டும் வேலை பார்க்கும் காத்தான் வாசலில் நிற்கிறான். நல்ல மனிதன். ஆறுதல் சொல்லத்தான் வந்திருந்தான்.

"கவலப்படாதீங்கண்ணே. கழுத்த மட்டும் ஆட்டாம வச்சுக்கிட்டீங்கன்னா ஒரே வெட்டுதான். போன தடவ அந்த ஆளு திரும்பிப் பாத்துட்டாரு, அதான் ரெண்டாயிருச்சு."

இரண்டு நாள் மூக்காண்டிக்குச் சோறு இறங்கவில்லை. விழுங்கும்போதெல்லாம் கழுத்து ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள் தெருவில் ஒரு மாட்டுமணி கேட்டது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். ஏழாம் நாள் ஆற்றங்கரையில் மாட்டுச்சந்தை. ஆண்டின் முதல் உழவுக்குரிய காளைகளை அரசரே நேரில் பேரம் பேசி வாங்குவது அந்த நாட்டு வழக்கம். மாட்டுப் பேரத்தில் வாயால் விலை சொல்வதில்லை. வாங்குபவனும் விற்பவனும் ஒரு துண்டுக்கடியில் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள்; பிடித்த விரல் எத்தனையோ அத்தனை விலை.

அன்றே பரிசல் ஏறி அக்கரை போனான். கோதண்டன் கிடுகு வேய்ந்த வீட்டில் இருந்தான். அவனது வலது கைச் சுண்டுவிரலில் பாதி கிடையாது. ஏழு வயதில் அரசரே வாள் பழக்கியபோது போனது.

அரசர் எதுவும் சொல்லி அனுப்பவில்லை, தானும் எதுவும் கொண்டுவரவில்லை, ஆகவே இது தூது ஆகாது என்று மூக்காண்டி முதலிலேயே தெளிவுபடுத்திவிட்டான். சந்தைக்கு ஒரு ஜோடிக் காளை ஓட்டிவர வேண்டும், அவ்வளவுதான்.

கோதண்டன் கேட்டான்: "அப்பா தெரிஞ்சுக்கிட்டு வாளை உருவினா?"

"முதல்ல என் தலைதாங்க போகும். அதுக்குள்ள நீங்க ஓடிரலாம்."

ஏழாம் நாள் வந்தது. சந்தையில் மூக்காண்டி ஓர் உயரமான மயிலைக்காளையைக் குறுக்கே நிறுத்தினான். அந்தப் பக்கம் தலைப்பாகையால் முகத்தை மூடிய ஒருவன் குனிந்து நின்றான். இந்தப் பக்கம் அரசர். அரசருக்குப் பின்னால் பிரதானி. பிரதானிக்குப் பின்னால் காத்தான், எண்ணெய் போட்ட கத்தியோடு. மூக்காண்டி காளையின் திமில்மேல் துண்டை விரித்தான்.

அரசர் துண்டுக்கடியில் வலக்கையை விட்டார். அந்தப் பக்கத்துக் கை அதைப் பிடித்தது.

அரசரின் முகம் மாறியது. பாதிச் சுண்டுவிரல் உள்ள கை அந்த நாட்டிலேயே ஒன்றுதான். அவருடைய இடக்கை மெல்ல வாளின் பிடிக்குப் போனது. காளை வாலைச் சுழற்றி ஈ ஓட்டியது.

துண்டு அசையவில்லை. வாளும் வெளியே வரவில்லை.

"என்ன விலை கேட்கிறான், மகாராஜா?" என்றார் பிரதானி.

அரசர் திரும்பாமலே சொன்னார்: "ஒன்று."

"ஒன்றா? இந்த ஜோடிக்கா? திருட்டு மாடாக இருக்கும்."

திருட்டு மாடு இல்லை. அந்தக் கை மற்ற விரல்களை விட்டுவிட்டு அரசரின் ஆள்காட்டி விரலை மட்டும் முழுக்கையாலும் இறுகப் பிடித்திருந்தது. தேர்க்கூட்டத்தில் தொலைந்துவிடாமலிருக்க ஒரு சின்னப்பயல் பிடிப்பதுபோல. அரசரும் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.

பிரதானிக்கு இப்போதுதான் விளங்கியது. அவர் குரல் உயர்ந்தது. "மகாராஜா, சத்தியம்!"

மூக்காண்டி மண்ணில் விழுந்து கும்பிட்டான். "பெருமானே, முகம் பார்க்கவில்லை, சொல் பேசவில்லை, ஓலையில்லை, தூதில்லை, வாசலும் மிதிபடவில்லை. சமாதானம் துண்டுக்கடியில் இருக்கிறது. சத்தியத்தைப் பற்றிச் சந்தைக்காரன் ஒன்று சொல்லலாமா? விலை சொல்லாத சத்தியத்திலிருந்துதான் மீள முடியாது. தாங்கள் விலையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறீர்கள். சொன்ன விலையைக் கொடுத்தால் சரக்கு தங்களுடையது."

காத்தான் கத்தியைக் கைமாற்றிப் பிடித்தான்.

அரசர் வாளை விட்டார். அந்தக் கையாலேயே காளையின் விலாவில் ஓங்கித் தட்டினார். காளை நகர்ந்தது. தலைப்பாகைத் துணி நழுவி, அழுது சிவந்த முகம் வெளியே தெரிந்தது. அரசர் அதை நன்றாக, நிதானமாகப் பார்த்தார்.

"நாவிதனைக் கூப்பிடுங்கள்" என்றார்.

சந்தைத் திடலிலேயே மணைபோட்டு உட்கார்ந்து மீசையை எடுத்துக்கொண்டார். கண்ணாடியில் வழுவழுத்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆறு மாதம் அடக்கிவைத்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சந்தையே சிரித்தது.

அக்கரையிலிருந்து அழைத்துவந்த வெற்றிலைக்காரர் மகளுக்கு அன்றைய விருந்தில் அரசர் தம் பக்கத்திலேயே இலை போடச் சொன்னார். கூத்தாடிகள் மூவரும் விடுதலையாகி, அரண்மனை முற்றத்திலேயே அந்தக் கூத்தை ஆடும்படி அழைக்கப்பட்டார்கள். மீசையில்லாத அரசர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். மை பூசும் கட்டம் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. மீசையே போனபின் அதில் என்ன வேடிக்கை? கூத்தாடிகள் பாதியில் நிறுத்திவிட்டு வேறு கதை ஆடினார்கள். பிறகு அந்தக் கூத்தை எந்த ஊரிலும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சபையில் பிரதானி உட்பட ஒருவருக்கும் மீசை இல்லை. அரசர் மறுபடி சிரித்தார். அந்தக் காளை ஜோடியை மூக்காண்டிக்கே பரிசாகக் கொடுத்து, வீடுவரை அவற்றைப் பிடித்துக்கொண்டு போகும் வேலையைப் பிரதானிக்குக் கொடுத்தார்.

மூக்காண்டி வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.