மதிலுக்குள் வந்த காற்று

வெகு காலத்துக்கு முன்னால் செங்கரை என்றொரு நாட்டைக் கோதண்டராயன் என்ற ராஜா ஆண்டு வந்தார். அவர் தலையில் கிரீடம் உண்டு, முடி கிடையாது. கிரீடத்தைக் கழற்றும்போது யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அரண்மனையைச் சுற்றி மூன்று ஆள் உயரத்துக்குச் செங்கல் மதில் எழுப்பிவிட்டார். அன்றிலிருந்து காற்றும் உள்ளே வரவில்லை. ராஜா வெந்துகொண்டே ஆண்டார்.

ஒருநாள் மோர் விற்கிற பொம்மி, வெயில் தாங்காமல் அவர் பல்லக்குக்குக் குறுக்கே மயங்கி விழுந்தாள்.

"இனி யாரும் என் வழியில் விழக் கூடாது. கடைத்தெருவில் ஒரு மண்டபம் கட்டும், மந்திரி," என்றார் ராஜா.

மந்திரி சடையாண்டி தலையாட்டினார். ஆஸ்தான ஜோதிடர் மருதவாணருக்கு அந்தத் தலையைக் கண்டாலே ஆகாது.

"மகாராஜாவுக்கு இப்போது சனி பார்வை. மரம் வெட்டக் கூடாது, கல் உடைக்கக் கூடாது, சூளை புகையக் கூடாது. முப்பது நாளில் முடிய வேண்டும்," என்றார்.

"முடியாவிட்டால்?"

"மந்திரியின் தலை," என்றார் ஜோதிடர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதுபோல.

"ஆகட்டும்," என்றார் ராஜா. வெயில் காலத்தில் அவர் எதற்கும் ஆகட்டும் என்பார்.

சடையாண்டி கழுத்தைத் தடவியபடி வெளியே வந்தார். சூளை இல்லாமல் செங்கலுக்கு எங்கே போவது? நிமிர்ந்தார். எதிரே மதில் நின்றது. கொத்துவேலை செய்யும் ஒச்சம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

"இதில் மூன்றில் ஒரு கல்லை எடுத்தால் மதில் நிற்குமா?"

"பிரிச்சு, சந்து விட்டு அடுக்கினா நிக்கும் சாமி. ஆனா ராசா மண்டை வெளிய தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரு மண்டையும் போயிரும்."

"அதற்கு என்ன வழி?"

"கல்லைச் சாய்ச்சு வைப்போம். காத்து வளைஞ்சு வரும், கண்ணு வளையாது."

பின்பக்கத்திலிருந்து வேலை நடந்தது. ராஜாவுக்கு நடக்கிற பழக்கம் இல்லாதது வசதியாகப் போயிற்று. அரண்மனை வேலைக்காரர்களுக்கும் காற்று வேண்டியிருந்ததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எடுத்த கல்லெல்லாம் கடைத்தெருவுக்குப் போனது. உத்தரத்துக்கு மரம் இல்லாததால், ஒச்சம்மா செங்கல்லையே வளைத்துக் கூரையாக்கினாள்.

இருபதாம் நாள் ஆனிக் காற்று பள்ளியறைக்குள் புகுந்தது. ஏழு வருஷத்தில் முதல்முறையாக ராஜா வியர்க்காமல் தூங்கி எழுந்தார்.

"இது எங்கிருந்து வந்தது?"

"அடியேன் வாயு பகவானை மூன்று நாள் ஜபித்தேன்," என்றார் ஜோதிடர், கொஞ்சமும் கூசாமல்.

ராஜா தம் தங்கக் கடகத்தைக் கழற்றி அவர் கையில் மாட்டினார். 

முப்பதாம் நாள் மண்டபம் முடிந்தது. அன்றே ஜோதிடர் தோட்டத்து மூலையில் மதிலைப் பார்த்து வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அது திரும்பி வந்து அவர் வேட்டியிலேயே விழுந்தது. சுவரிலிருந்து காற்றடிக்குமா என்று கிட்டே போய்த் தடவினார். அப்படியே சபைக்கு ஓடினார்.

"மகாராஜா, மதிலை மந்திரி திருடிவிட்டார். சுவர் முழுக்க ஓட்டை."

ராஜாவின் கை கிரீடத்துக்குப் போனது. "அப்படியானால் என் தலை?"

"வெளியிலிருந்து பத்துப் பேரைப் பார்க்கச் சொல்லிவிட்டேன், மகாராஜா. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை," என்றார் சடையாண்டி. "மதிலின் நீளமும் உயரமும் அப்படியே இருக்கின்றன. குறைந்தது உங்கள் வியர்வை மட்டும்தான். ஓட்டை குற்றமென்றால் இப்போதே களிமண் வைத்து அடைத்துவிடுகிறேன். காற்றுக்குத்தான் ஜோதிடர் ஜபம் இருக்கிறதே."

ராஜா திரும்பினார். "நல்ல யோசனை. அடைக்கட்டும், நீர் ஜபியும். காற்று வந்தால் மந்திரி தலை. வராவிட்டால் உம்முடையது."

ஜோதிடர் விரல்விட்டு எண்ணினார். "இன்று அஷ்டமி, மகாராஜா."

"நாளைக்கு?"

"நவமி."

"அதற்கடுத்த நாள்?"

ஜோதிடர் கடகத்தைக் கழற்றத் தொடங்கினார். கல் அடுக்கியது யாரென்று மந்திரி சொல்ல, அது ஒச்சம்மா கைக்குப் போனது. ராஜா சிரித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "காற்றைக் கொண்டுவருகிறவர் வீணாகக் கூடாது. இந்த ஆனி முழுக்கக் கடைத்தெரு மண்டபத்தில் நின்று ஜனங்களுக்கு விசிறட்டும்."

மறுநாள் காலையில் ஜோதிடர் பனைவிசிறியோடு மண்டபத்தில் போய் நின்றார். அந்தச் சுவரும் ஒச்சம்மா சந்து விட்டு அடுக்கியதுதான். மோர்ப்பானைக்குப் பின்னாலிருந்து பொம்மி எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி," என்றாள். "காத்தை மறைக்கிறீங்க."